மாதிரி விடைகள் மதிப்பீடு ஆகா: துணிகர மூலதன நேர்காணலும் மைசூரு மாணவர்களும்

துணிகர மூலதன நிறுவனமொன்றில் முதல் வேலைக்கான நேர்காணலுக்கு ஆயத்தமாகும் மாணவரின் கையில் இன்று பெரும்பாலும் மூன்று பொருள்கள் இருக்கின்றன: நூறு கேள்விகளும் அவற்றின் மாதிரி விடைகளும் அடங்கிய ஒரு கோப்பு, அமெரிக்கப் புத்தொழில்கள் சிலவற்றின் பெயர்ப்பட்டியல், தன்னம்பிக்கையோடு பேசுவது எப்படி என்று சொல்லித்தரும் பயிற்சி வகுப்பின் குறிப்புகள். மைசூருவின் பொறியியல், மேலாண்மைக் கல்லூரிகளில் மட்டுமன்று, கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் நிலைமை இதுவே. இம்மூன்றும் சேர்ந்தால் ஆயத்தம் முடிந்தது என்ற நம்பிக்கையைக் கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகளே ஊட்டி வளர்க்கின்றன. அந்த நம்பிக்கை தவறானது. தவறானது மட்டுமன்று, தீங்கானதும்கூட. தோற்கும் வாய்ப்பே மிகுதியாகவுள்ள தொழில்களில் பிறர் பணத்தை இடலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்வதுதான் அந்த வேலை. அவ்வேலைக்குச் சொந்தத் தீர்ப்பு எதுவும் இல்லாத ஒருவரை உருவாக்கி அனுப்புவதற்குப் பெயர் ஆயத்தம் ஆகாது.

மாதிரி விடைகளின் குறை அவை பிழையானவை என்பதன்று. பெரும்பாலானவை சரியானவையே. 1946-இல் ஜார்ஜ் டோரியோ முதலானோர் தொடங்கிய அமெரிக்கன் ரிசர்ச் அண்டு டெவலப்மென்ட் நிறுவனம் 1957-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்னும் கணினி நிறுவனத்தில் 70,000 டாலர் இட்டது, அது பன்னூறு மடங்காகத் திரும்பியது என்ற வரலாற்றை எந்த மாணவரும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். அந்த 70,000 டாலரைக் கொடுப்பதற்கு முன் என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியாதிருந்தது, தெரியாததை எப்படி எடைபோட்டிருப்பார்கள் என்று கேட்டால் அங்கே மௌனம்தான். விடை தெரியும், விடைக்கு வந்த வழி தெரியாது. நேர்காணல் செய்பவர் தேடுவதோ அந்த வழியை.

எனவே முதலில் கணக்கிலிருந்து தொடங்குவதே முறை. இந்தத் தொழிலின் போக்கை முடிவு செய்வது தொலைநோக்கோ துணிவோ அன்று, ஓர் எளிய பெருக்கல் வாய்பாடு. 500 கோடி ரூபாய் நிதியம் ஒன்றைக் கருதலாம். அதை நடத்துவோருக்கு ஆண்டுக்கு 2 விழுக்காடு கட்டணம் என்றால் பத்தாண்டுகளில் 100 கோடி கழிந்துவிடும். எஞ்சிய 400 கோடி, 25 நிறுவனங்களுக்குத் தலா 16 கோடியாகப் பிரிகிறது. நிதியத்துக்குப் பணம் தந்தோர் மூன்று மடங்கை எதிர்பார்க்கிறார்கள் என்று கொண்டால் 1,500 கோடி திரும்ப வேண்டும். 25-இல் 13 நிறுவனங்கள் அடியோடு மறைகின்றன, 8 நிறுவனங்கள் போட்ட பணத்தை மட்டும் திருப்பித் தருகின்றன என்று வைத்துக்கொண்டால் கைக்கு வருவது 128 கோடி. மீதமுள்ள 1,372 கோடியை நான்கே நிறுவனங்கள் ஈட்டியாக வேண்டும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 343 கோடி. 16 கோடி தந்தபோது நிறுவனத்தின் மதிப்பு, அந்த முதலீட்டையும் சேர்த்து, 80 கோடி என்று உடன்பட்டிருந்தால் நிதியத்தின் பங்கு 20 விழுக்காடு. அடுத்தடுத்த சுற்றுகளில் புதிய பங்குகள் வெளியாவதால் அது 15 விழுக்காடாகக் குறைகிறது. அந்த 15 விழுக்காடு 343 கோடி பெற வேண்டுமானால் நிறுவனத்தின் முழு மதிப்பு ஏறத்தாழ 2,300 கோடியாக வளர்ந்திருக்க வேண்டும்.

இவை எடுத்துக்காட்டுக்காகக் கொண்ட எண்கள். ஆயினும் காகிதமும் பென்சிலும் கொண்டு இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்த மாணவருக்கு ஒரு செய்தி தானாகவே விளங்கும். ஆண்டுதோறும் இலாபம் ஈட்டி, நூறு பேருக்கு வேலை தந்து, பத்தாண்டில் 200 கோடி மதிப்பை எட்டும் உணவுப் பதன நிறுவனம் ஒன்று மைசூருவில் இருக்குமானால், அது எல்லா வகையிலும் நல்ல தொழில். அதில் 15 விழுக்காடு என்பது 30 கோடி. 500 கோடி நிதியத்துக்கு அது போதாது. ஆகவே நிதியம் மறுக்கும். இங்கே மறுக்கப்படுவது தொழிலின் தரம் அன்று. அந்தப் பணத்துக்கும் அந்தத் தொழிலுக்கும் உள்ள பொருத்தம். இந்த வேறுபாட்டை நேர்காணலில் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர், நூறு மாதிரி விடைகளை ஒப்பித்தவரைவிட எவ்வளவோ மேலானவர். தமிழ்நாட்டு வாசகர் அறிந்த சான்றே இதற்குப் போதும். ஸ்ரீதர் வேம்பு முதலானோரின் ஸோஹோ துணிகர மூலதனத்தைத் தொடாமலே வளர்ந்தது. அந்நிறுவனத்தில் பணியாற்றிய கிரீஷ் மாத்ருபூதம் 2010-இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் அப்பணத்தைப் பெற்று வளர்ந்து 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. ஒரே நகரம், அருகருகான தொழில், இருவேறு பணம். எது உயர்ந்தது என்ற கேள்வி இங்கே பொருளற்றது. எந்தப் பணம் எந்தத் தொழிலிடம் எதைக் கேட்கும் என்பதே கேள்வி.

அதே கணக்கின் மறுபக்கத்தைப் பயிற்சி வகுப்புகள் தொடுவதே இல்லை. லிக்விடேஷன் ப்ரிஃபரன்ஸ் என்ற சொல்லுக்கு வரையறை கேட்டால் மாணவர் சொல்லிவிடுவார்: நிறுவனம் விற்கப்படும்போது முதலீட்டாளர் தம் பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை. அதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். 16 கோடி பெற்று 20 விழுக்காட்டைக் கொடுத்த நிறுவனம், வேறு முதலீடு ஏதும் பெறாமல் 24 கோடிக்கு விலைபோகிறது. முதலீட்டாளர் தம் 20 விழுக்காட்டை ஏற்றால் கிடைப்பது 4.8 கோடி, முன்னுரிமையைப் பயன்படுத்தினால் 16 கோடி. அவர் பின்னதையே தெரிவுசெய்வார். 80 விழுக்காட்டுக்கு உரிய நிறுவனர்களும் ஊழியர்களும் 8 கோடியைப் பகிர்ந்துகொள்வர். முன்னுரிமையோடு எஞ்சியதிலும் பங்கு உண்டு என்று ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்தால் முதலீட்டாளருக்கு 17.6 கோடி, மற்றவர்க்கு 6.4 கோடி. செய்தித்தாளில் வருவதோ 24 கோடிக்கு விற்பனை என்ற ஒற்றை வரி. அந்த உட்பிரிவு தவறு என்று சொல்ல வேண்டியதில்லை. தோல்வியின் சுமை யார் தோளில் எவ்வளவு விழுகிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். நாளை மேசையின் ஒருபுறத்தில் அமர்ந்து அந்த உட்பிரிவை வாசிக்கப்போகிறவர், மறுபுறத்தில் கையெழுத்திடுபவரின் கணக்கையும் போடத் தெரிந்தவராக இருத்தல் வேண்டும்.

அடுத்தது சான்றை ஆராயும் பழக்கம். முதலீட்டுக்கு முன் ஒரு நிறுவனத்தின் கணக்கையும் கூற்றையும் சோதிப்பதை டியூ டிலிஜென்ஸ் என்கிறார்கள். அச்சொல் பயிற்சிக் குறிப்புகளில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஆனால் அது தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பெங்களூருவிலேயே பாடம் இருக்கிறது. பைஜூஸ் நிறுவனம் 2022 மார்ச்சில் 2,200 கோடி டாலர் மதிப்புடையதாக அறிவிக்கப்பட்டது. 2021 மார்ச்சோடு முடிந்த நிதியாண்டுக்கான அதன் தணிக்கை செய்யப்பட்ட கணக்கு வெளிவந்ததோ 2022 செப்டம்பரில். அதில் 4,500 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட இழப்பு இருந்தது. 2023 ஜூனில் தணிக்கை நிறுவனமான டெலாய்ட் விலகியது. பெரிய முதலீட்டாளர்களின் பிரதிநிதிகள் மூவரும் இயக்குநர் குழுவைவிட்டு வெளியேறினர். 2024 ஜூலையில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு திவால் நடவடிக்கைக்கு அனுமதி அளித்தது. இந்த நாள்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் எழும் கேள்வி குழந்தைக்கும் புரிவது: முந்திய ஆண்டின் தணிக்கைக் கணக்கே வெளிவராத நிறுவனத்துக்கு அவ்வளவு பெரிய மதிப்பு எந்தச் சான்றின்மேல் இடப்பட்டது? அந்த மேசைகளைச் சுற்றி அமர்ந்தவர்கள் யாரும் சொற்பொருள் அறியாதவர்கள் அல்லர். எல்லா மாதிரி விடைகளையும் அறிந்தவர்கள். குறைந்தது அறிவன்று, உரிய நேரத்தில் எளிய கேள்வியைக் கேட்டு, விடை வரும்வரை கையெழுத்தை நிறுத்திவைக்கும் பழக்கம்.

இந்தப் பழக்கம் மைசூருவுக்குப் புதியதன்று. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு அந்நகரில் இயங்குகிறது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் பல பதிற்றாண்டுகள் அங்கேதான் இருந்தன. மைப்படி ஒன்றை வாசிக்கும் அறிஞர் எதைச் செய்கிறார்? சிதைந்த எழுத்தைத் தம் விருப்பத்துக்கேற்ப நிரப்பமாட்டார். எழுத்தமைதி சொல்லும் காலமும் வாசகம் சொல்லும் ஆட்சியாண்டும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார். பொருந்தாவிட்டால், கூற்று எவ்வளவு கவர்ச்சியானதாயினும், ஐயம் என்று குறித்துவைப்பார். ஒரு நிறுவனத்தின் விற்பனை வரைபடத்தை வாசிப்பதற்கும் வேண்டியது இதே ஒழுக்கம்தான். வாடிக்கையாளர் எண்ணிக்கை இரட்டித்தது என்கிறது ஒரு வரைபடம். சரக்கு மற்றும் சேவை வரிக் கணக்கு அதை ஒத்துக்கொள்கிறதா? பணம் கொடுத்து வாங்கியவர்கள் எத்தனை பேர், இலவசமாகப் பதிவுசெய்தவர்கள் எத்தனை பேர்? மறு ஆண்டு நிலைத்தவர்கள் எத்தனை பேர்? ஆய்வேட்டில் மூலத்தை ஒப்புநோக்காமல் மேற்கோள் காட்டினால் நெறியாளர் ஏற்கமாட்டார். அதே மாணவர் நேர்காணல் அறைக்குள் நுழையும்போது மட்டும் மூலம் பார்க்காத கூற்றுகளை ஒப்பிக்க வேண்டும் என்று எந்த அறிவு சொல்கிறது?

இடத்தின் வரலாறும் இப்படியே புறக்கணிக்கப்படுகிறது. ஆபத்தை அறிந்தே பணம் இடும் கலை கலிஃபோர்னியாவிலிருந்து பெங்களூருவுக்கு வந்து, அங்கிருந்து ஏறத்தாழ 145 கிலோமீட்டர் பயணம் செய்து மைசூருவை அடைந்தது என்பதுபோல் பாடம் நடத்தப்படுகிறது. மைசூர் சமஸ்தானம் 1912-இல் பட்டு ஆலையைத் தொடங்கியது. திவான் விசுவேசுவரய்யாவின் காலத்தில் 1913-இல் மைசூர் வங்கியும், 1916-இல் மைசூர் பல்கலைக்கழகமும் தோன்றின. 1923-இல் பத்ராவதி இரும்பாலை உற்பத்தியைத் தொடங்கிப் பல்லாண்டுகள் இழப்பு, கண்டனம் இரண்டையும் சந்தித்தது. 1937-இல் அரக்கும் வண்ணப்பூச்சும் செய்யத் தொடங்கிய ஆலை, 1962 முதல் இந்தியத் தேர்தல்களுக்கு அழியா மை வழங்கி வருகிறது. 1940-இல் வால்சந்த் ஹீராசந்தின் விமான நிறுவனத்தில் சமஸ்தானமும் பங்கேற்றது. இவற்றை அரசுத் தொழில் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு முதலீட்டு முடிவு: பணம் யாருடையது, எவ்வளவு காலம் பொறுப்பது, இழப்பை யார் ஏற்பது, வென்றால் பயன் யாருக்கு என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை சொன்ன முடிவு. பத்தாண்டு ஆயுளுள்ள நிதியம் ஒன்று பத்ராவதியில் பணம் இட்டிருக்குமா? அழியா மை தயாரிக்கும் ஆலைக்குக் கால் நூற்றாண்டு காத்திருந்திருக்குமா? இந்தக் கேள்விகளை யோசித்த மாணவர், தாம் சேரவிருக்கும் தொழிலின் வலிமையையும் எல்லையையும் சேர்த்தே அறிந்திருப்பார்.

பிற்காலச் சான்றுகளும் அருகிலேயே கிடக்கின்றன. ஐசிஐசிஐ, யூனிட் டிரஸ்ட் இரண்டும் இணைந்து 1988-இல் உருவாக்கிய டிடிஐசிஐ, இந்தியத் துணிகர மூலதனத்தின் முன்னோடிகளுள் ஒன்று; அதன் தலைமையிடம் பெங்களூரு. 1978-இல் பத்தாயிரம் ரூபாயோடு தொடங்கி, பிணையம் இல்லாததால் வங்கிகளிடம் அலைந்த பயோகானுக்கு, 1980களின் பிற்பகுதியில் 2.5 லட்சம் டாலர் துணிகர நிதி கிடைக்க வழிசெய்தவர் ஐசிஐசிஐ தலைவரான தமிழர் நாராயணன் வாகுல். பப்பாளிப் பாலிலிருந்து நொதி எடுக்கும் தொழிலுக்கு அன்று மாதிரி விடை எதுவும் இருந்திருக்க முடியாது. மறுதிசையில், மைசூருவின் தேசியப் பொறியியல் கல்லூரியில் படித்து 1967-இல் பட்டம் பெற்ற நாராயண மூர்த்தியும் தோழர்களும் 1981-இல் தொடங்கிய இன்ஃபோசிஸ், சுதா மூர்த்தி தந்த பத்தாயிரம் ரூபாயில் வேர்பிடித்தது; துணிகர மூலதனம் இன்றியே 1993-இல் பங்குச் சந்தையை அடைந்தது. 1961 முதல் மைசூருவில் ஜாவா, பின்னர் யெஸ்டி மோட்டார் சைக்கிள்களைச் செய்த ஐடியல் ஜாவா 1996-இல் மூடப்பட்டது. எரிபொருள் சிக்கனமுள்ள ஜப்பானியக் கூட்டு வண்டிகள் 1980களில் வந்தபோது, வலிமையான பெயரும் விசுவாசமான வாடிக்கையாளரும் உடைய நிறுவனம் ஏன் மாறவில்லை அல்லது மாற இயலவில்லை? பயோகானுக்கு ஏன் ஆம், யெஸ்டிக்கு எந்த ஆண்டில் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும் என்பதை இரண்டு பக்கங்களில் எழுதிப் பார்ப்பதைவிடச் சிறந்த ஆயத்தம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடையாது.

ஆயத்தம் என்பது இங்கேதான் செயலாகிறது. துணிகர மூலதன நேர்காணலின் மையக் கேள்வி ஒன்றே: எந்த நிறுவனத்தில் முதலீடு செய்வீர்கள், ஏன்? மற்றவையெல்லாம் அதன் கிளைகள். இதற்கு நாளிதழ்களில் அன்றாடம் அடிபடும் பெங்களூரு நிறுவனத்தின் பெயரைச் சொல்பவர், கேட்பவருக்கு முன்பே தெரிந்ததைத்தான் சொல்கிறார். மைசூருவில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் நுட்பத்தை உருவாக்கி அமுலுக்கு வழிகாட்டியது. இன்றும் அது தன் நுட்பங்களைத் தொழில் முனைவோருக்கு உரிமம் வழங்குகிறது. அப்படி ஒரு நுட்பத்தை எடுத்துக்கொள்ளலாம். அதை உரிமம் பெற்றவர் யார்? ஒரு கிலோ செய்ய ஆகும் செலவென்ன, கடைக்காரர் எடுப்பதென்ன, திரும்பி வரும் சரக்கு எவ்வளவு? சாமராஜநகரின் மஞ்சள் விவசாயி, நஞ்சன்கூட்டின் வாழைத் தோட்டக்காரர், தேவராஜ அரசு சாலையின் கடைக்காரர், சரக்கு ஏற்றும் லாரி உரிமையாளர் என்று பத்துப் பேரிடம் பேசினால், எந்தச் சந்தை அறிக்கையிலும் இல்லாத செய்தி நான்கேனும் கிடைக்கும். கன்னடமும் தமிழும் பேசத் தெரிந்த மாணவருக்கு இது இயல்பாக வாய்த்த கருவி. அதைக் குறையாகவும், ஆங்கில உச்சரிப்பை நிறைவாகவும் கருதப் பழக்குவதுதான் இன்றைய பயிற்சியின் மிகப் பெரிய கொடுமை.

அந்த விசாரணையின் முடிவை இரண்டே பக்கங்களில் எழுத வேண்டும். தொழில் என்ன, வாங்குபவர் யார், ஏன் மீண்டும் வாங்குவார், ஒரு விற்பனையில் எஞ்சுவது எவ்வளவு, மேற்கண்ட கணக்கின்படி அது 2,300 கோடி மதிப்பை எட்ட எவையெல்லாம் உண்மையாக வேண்டும், முதலீடு தோற்றால் பெரும்பாலும் எதனால் தோற்கும், எந்தச் செய்தி கிடைத்தால் முடிவை மாற்றிக்கொள்ளலாம். கடைசி இரண்டு பகுதிகளே உயிர். நேர்காணல் செய்பவர் எதிர்வாதம் செய்யும்போது உடனே பின்வாங்குபவரும், சான்று காட்டிய பிறகும் பிடிவாதம் பிடிப்பவரும் ஒருசேரத் தோற்பவர்கள். புதிய சான்றுக்கு இணங்கி, வெறும் அதட்டலுக்கு இணங்காதிருப்பது ஆய்வுப் பட்டறிவு. அது வாய்மொழித் தேர்வில் முனைவர் பட்ட மாணவர் எல்லோரும் அறிந்தது. முதலீடு செய்யமாட்டேன் என்று முடியும் இரண்டாவது குறிப்பு ஒன்றும் கையில் இருத்தல் நலம். அமெரிக்காவின் பெஸ்ஸமர் நிறுவனம், தான் மறுத்துவிட்டுப் பின்னர் பெருவெற்றி பெற்ற ஆப்பிள், கூகுள் போன்ற நிறுவனங்களின் பட்டியலைத் தானே வெளியிட்டு வைத்திருக்கிறது. மறுப்பும் ஒரு முடிவு, அதற்கும் காரணம் கூறக் கடமை உண்டு என்பதே அதன் பாடம்.

இதற்கு எதிராக மூன்று குரல்கள் எழும். முதலாவது, நிறுவனங்களின் குரல். திறமை இருந்தால் போதாது, எங்கள் பண்பாட்டோடு பொருந்த வேண்டும் என்பார்கள். பொருத்தம் என்ற இந்தச் சொல்லின் உள்ளே பெரும்பாலும் இருப்பது ஐஐடி, ஐஐஎம் பட்டமும், பன்னாட்டு ஆலோசனை நிறுவனத்தில் ஈராண்டும், தெரிந்தவர் வழியாக வந்த அறிமுகமும்தான். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை நடத்திய காலத்தில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன் அடுத்தாளாகி, மேலாளாகி, மூன்றாண்டுத் தவணைகளில் தொழிலைக் கற்றான். அந்த வாயில் உறவினருக்கே திறந்திருந்தது. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஆனால் உள்ளே வந்தவனுக்குக் கணக்கு முதல் கடனாளியின் முகம் வரை முறையாகக் கற்பித்தார்கள். இன்றைய நிதியங்கள் வாயிலை அதே அளவு குறுக்கிவைத்துக்கொண்டு, அதற்குத் தகுதி என்று பெயரிட்டு, கற்பிக்கும் பொறுப்பை மட்டும் கைவிட்டிருக்கின்றன. பழைய முறையின் குறையை எடுத்துக்கொண்டு நிறையை விட்டவர்கள், சிறு நகரத்து மாணவரிடம் ஆயத்தம் போதவில்லை என்று சொல்ல உரிமையற்றவர்கள்.

இரண்டாவது, கல்விப்புலத்தின் குரல். துணிகர மூலதனம் ஊகமூலதனம். சூதாட்டத்துக்கு ஆள் தயாரிப்பது பல்கலைக்கழகத்தின் வேலையன்று என்று மானசகங்கோத்ரி வளாகத்திலும் பிற வளாகங்களிலும் சொல்வோர் உண்டு. அவர்களின் ஐயத்தில் உண்மை இருக்கிறது; மேலே காட்டிய கணக்கே அதற்குச் சான்று. ஆனால் விலகி நிற்பதால் விளைவது என்ன? 2016-இல் இந்திய அரசு சிட்பி வழியாகப் புத்தொழில்களுக்கென 10,000 கோடி ரூபாய் நிதியை அறிவித்தது. அது நேரடியாகத் தொழில்களுக்குச் செல்வதில்லை, இத்தகைய தனியார் நிதியங்கள் வழியாகவே செல்கிறது. 2012-ஆம் ஆண்டின் செபி விதிகளின்படி இந்நிதியங்களில் ஒருவர் இடும் தொகை பொதுவாக ஒரு கோடிக்குக் குறையக் கூடாது. ஆகவே செல்வந்தரின் பணமும் மக்களின் வரிப்பணமும் ஒரே மேசைக்கு வருகின்றன. எந்த ஊரின் எந்தத் தொழிலுக்கு அது போகும் என்று தீர்மானிப்பவர் அம்மேசையில் அமர்ந்திருப்பவர். சாமராஜநகரைப் பார்த்தறியாத ஒருவரே அங்கு அமரட்டும் என்று விட்டுவிடுவது தூய்மை ஆகாது. விமர்சிக்கத் தெரிந்தவர் உள்ளே செல்வது விமர்சனத்தைக் கைவிடுவதும் ஆகாது.

மூன்றாவது குரல் மாணவருடையது. அதுவே மிகவும் நியாயமானது. இத்துறையில் வேலைகளே சில. பெரிய நிதியங்கள்கூடச் சிறு குழுக்களால் நடத்தப்படுபவை. பெரும்பாலான அலுவலகங்கள் பெங்களூரு, மும்பை, டெல்லிப் பகுதிகளில் உள்ளன. இவ்வளவு உழைத்தும் வேலை கிடைக்காவிட்டால்? மாதிரி விடைகளை மனப்பாடம் செய்தவருக்கு அப்போது மிஞ்சுவது ஒன்றுமில்லை. அவ்விடைகள் அந்த அறைக்கு வெளியே செல்லாக் காசு. பத்துப் பேரிடம் விசாரித்து இரண்டு பக்கம் எழுதத் தெரிந்தவரோ வங்கியின் கடன் பிரிவிலும், கூட்டுறவுச் சங்கத்திலும், தொழில் வளர்ப்பு மையத்திலும், தாமே தொடங்கும் தொழிலிலும் அந்தத் திறனைச் செலவழிக்கலாம். ஒரே ஒரு வாயிலுக்கு மட்டும் பொருந்தும் திறவுகோலை, அந்த வாயில் பெரும்பாலும் மூடியே இருக்கிறது என்று தெரிந்தும் மாணவர் கையில் கொடுப்பது நேர்மையான கல்வி ஆகாது.

ஆகவே கேட்க வேண்டியவை சிலவே, அவை செலவற்றவை. வேலைவாய்ப்புப் பிரிவுகள் மாதிரி நேர்காணல்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, அந்த நேரத்தில் ஒவ்வொரு மாணவரையும் மைசூரு மாவட்டத்துத் தொழில் ஒன்றைப் பற்றி முதலீட்டுக் குறிப்பு எழுதச் செய்யட்டும். அதை வணிகவியல் ஆசிரியரும் அத்துறை அறிந்த அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து திருத்தட்டும். ஆராய்ச்சி நிறுவனங்களும் பொறியியல் கல்லூரிகளின் தொழில் வளர்ப்பு மையங்களும், மறைபொருள் நீங்கலாக, உரிமம் வழங்கிய நுட்பங்களின் வெற்றி தோல்விகளை மாணவர் ஆய்வுக்குத் திறந்துவிடட்டும். நிதியங்கள் முதற்கட்டத் தேர்வைப் பட்டத்தின் பெயரை மறைத்து, எழுதிய குறிப்பை மட்டும் வைத்து நடத்தட்டும்; ஒருமுறை நடத்திப் பார்த்தால் தங்கள் பொருத்தத்தின் அளவுகோல் எதை அளந்துகொண்டிருந்தது என்பது அவர்களுக்கே புலப்படும். மாணவர் செய்ய வேண்டியது இவை எதற்கும் காத்திராமல் தொடங்குவது. நூறு கேள்விகளின் கோப்பை மூடிவிட்டு, பயோகான், யெஸ்டி, பைஜூஸ் ஆகிய மூன்றிலும் தாம் அன்று அந்த மேசையில் இருந்திருந்தால் எந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார் என்று ஒரு தாளில் எழுதட்டும். அந்தத் தாளோடு நேர்காணலுக்குச் செல்பவரிடம் கேட்பதற்கு எதிரே இருப்பவருக்கும் உண்மையான கேள்விகள் இருக்கும்.